ஏரிக்குடாவின் தண்ணீர் சோதனையில் நல்லது என்று வந்துவிட்டால், அடிச் சேற்றையும் சோதிக்க வேண்டுமா?

ஓம், வேண்டும். யாரோ தண்ணீர் ரிப்போர்ட்டைக் காட்டி உங்கள் வாயை அடைத்திருப்பார்கள், அதுதான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நிலக்கரித் தாரில் இருக்கும் பிஏஎச் என்ற பலவளைய நச்சுச் சேர்மங்கள் தண்ணீரில் அதிகம் கரையாது. களியிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு கீழே போய்ப் படிந்துவிடும். ஒன்ராறியோ ஏரியின் மேற்கு மூலையில், ஹமில்டன் துறைமுகக் குடாவின் ராண்டில் ரீஃப் பக்கம் இப்படித்தான் கிடந்தது. கடைசியில் குடாவுக்குள்ளேயே 6.2 ஹெக்டேரில் இரும்புச் சுவர் அடித்து, சேற்றை அதற்குள் அடைத்தார்கள்.

இனி என் வெட்கக் கதை. கனடா வந்த புதிதில் ஒரு சிறு கொம்பனிக்குப் படகில் சேறு எடுக்கப் போனேன். (வேறொரு குடா, இடம் சொல்ல மாட்டேன்.) பொனார் என்பது அடிச் சேறு அள்ளும், இரண்டு தாடையுள்ள இரும்புக் கவ்வி. அன்று ஒரு ஸீப்ரா மட்டி ஓடு தாடைக்குள் மாட்டி, வாய் மூடவில்லை. தூக்கும்போதே நைசான சேறெல்லாம் கழுவிப் போய், மணல்தான் மிஞ்சியது. நவம்பர் குளிர், விரல் விறைத்துவிட்டது. அதையே போத்தலில் போட்டு மூடினேன். மாசு ஒட்டியிருப்பதே அந்த நைசான சேற்றில்தான் என்பது எனக்குத் தெரியாததா?

சேற்றில் உள்ள ஈயத்துக்கு ஒன்ராறியோவில் இரண்டு கோடு: கிராமுக்கு 31 மைக்ரோகிராம் தாண்டினால் உயிர்களுக்குப் பாதிப்புத் தொடங்கலாம், 250 தாண்டினால் கடுமை. என் போத்தல் முதல் கோட்டுக்குக் கீழே வந்தது. முதலாளிக்குப் புளுகம். வேறு ஆள் போய் அதே இடத்தில் மறுபடி எடுத்தார். இரண்டாவது கோட்டையும் தாண்டிவிட்டது.

"கோடு தாண்டினால் விஷம் என்று அர்த்தமில்லை" என்று ஒருவர் கீழே எழுதப்போகிறார். தெரியும் ஐயா. சேற்றிலுள்ள சல்பைட் ஈயத்தைப் பிடித்து வைத்திருந்தால், ஈயம் நிறைய இருந்தும் புழு சுகமாக வாழும். அதனால்தான் இரசாயனத்தோடு நிற்காமல், ஹயலெல்லா என்ற சின்னக் கூனி மாதிரி உயிரை அந்தச் சேற்றில் விட்டு எத்தனை தப்புகிறது என்று பார்ப்பார்கள். அடியில் என்னென்ன புழு பூச்சி வாழ்கிறது என்றும் எண்ணுவார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஏதாவது சொல்லலாம். நான் பேராசிரியர் இல்லை, பதினோரு வருடம் சேற்றில் நின்றவன், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படித்த பட்டத்தை இங்கே ஒருவரும் சீண்டவில்லை, "கனடிய அனுபவம்" இருக்கா என்றார்கள். அது போகட்டும். ஸ்காபரோவில் ஒரு சாமத்தியவீட்டில் பெரியம்மா என்னை "இவர் சேறு அள்ளுறவர்" என்று அறிமுகப்படுத்தினாவே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

உங்கள் ஊரில் சோதனை நடந்தால், முடிவு அட்டவணையோடு படகில் எழுதிய களக் குறிப்பேட்டையும் கேளுங்கள். சரியாக மூடவில்லை என்று எத்தனை கவ்வல் திருப்பிக் கொட்டப்பட்டது என்று அதில் இருக்கும். ஓடும் கல்லும் நிறைந்த குடாவில் ஒன்றுகூட இல்லையென்றால், என்னைப் போல ஒருத்தன்தான் போயிருக்கிறான்.