ஃபூட்டி (ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து) கேள்வி-பதில்: கடைசி இடத்திலிருந்து கோப்பைக்கு எத்தனை வருடம்?

எங்கள் அணி இந்த சீசனில் கடைசி இடம். நவம்பர் டிராஃப்டில் (கிளப்புகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) முதல் பிக் (தேர்வு) எங்களுக்குத்தான். மூன்று வருடத்தில் கோப்பையை எதிர்பார்க்கலாமா?
— வாசகர், டாண்டினாங்

மூன்று வருடம் போதாது. முதல் பிக் என்பது ஒரே ஒரு பையன். களத்தில் இறங்குவது 18 பேர். கார்ல்டன் 2005, 2006, 2007 என்று மூன்று டிராஃப்டிலும் முதல் பிக்கைக் கையில் வைத்திருந்தது. மார்க் மர்ஃபி, பிரைஸ் கிப்ஸ், மாத்யூ க்ரூசர் மூவருமே நல்ல ஆட்டக்காரர்கள். ஆனாலும் அவர்கள் ஆடிய காலம் முழுக்க அந்த அணி ஒரு கிராண்ட் ஃபைனலைக்கூட எட்டவில்லை.

கீலாங் வேறு வழியில் வந்தது. 1999 டிராஃப்டில் ஜோயல் கோரி (8), பால் சாப்மன் (31), கேமரன் லிங் (38), கோரி என்ரைட் (47). 2001-ல் ஜிம்மி பார்ட்டல் (8), ஜேம்ஸ் கெல்லி (17), ஸ்டீவ் ஜான்சன் (24), தந்தை-மகன் விதியில் (கிளப்பின் முன்னாள் வீரரின் மகனை எடுக்க அந்த கிளப்புக்கே முன்னுரிமை) கேரி ஆப்லெட் ஜூனியர் (40). அடைப்புக்குள் இருப்பவை பிக் எண்கள். பாதிக்கு மேல் 20-ஐத் தாண்டியவை. எட்டுப் பேரும் 2007 கிராண்ட் ஃபைனலில் ஆடினார்கள். போர்ட் அடிலெய்டை 119 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். 2009, 2011 கோப்பைகளும் பெரும்பாலும் அதே கூட்டத்தால் வந்தவைதான். முதல் விதை போட்டதிலிருந்து அறுவடைக்கு எட்டு வருடம் ஆயிற்று. உங்கள் கிளப் முதல் பிக்கில் யாரை எடுக்கிறது என்பதைவிட, இரண்டாம் மூன்றாம் சுற்றில் யாரை எடுக்கிறது என்று கவனியுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இளைஞர்களுக்கு இடம் வேண்டும் என்று 27, 28 வயதுக்காரர்களை எல்லாம் ஒரேயடியாக அனுப்பிவிடக் கூடாது. மெல்பர்ன் அணி 2009-ல் முதல் இரண்டு பிக்கையும் பெற்றது. இளம் பிக்குகள் மட்டும் போதவில்லை: 2013-ல் 22 ஆட்டத்தில் இரண்டே வெற்றி. வாராவாரம் அடி வாங்கும் பையன் பந்தை எடுக்கப் போவதற்கே தயங்கக் கற்றுக்கொள்வான். அதைத் திருத்துவது மிகக் கடினம்.

முதலில் ஆட்ட பாணியை முடிவு செய்து அதற்கேற்ற வீரர்களை எடுப்பதா, கிடைத்த வீரர்களுக்கேற்ப பாணியா?
— வாசகி, பாராமட்டா

டிராஃப்டில் பாணியைப் பார்த்து எடுக்காதீர்கள்; டிரேடில் (கிளப்புகள் வீரர்களையும் பிக்குகளையும் மாற்றிக்கொள்வது) பாணியைப் பார்த்தே எடுங்கள். காரணம் காலக்கணக்கு. 18 வயதுப் பையன் முழு ஆட்டக்காரன் ஆக நாலைந்து வருடம். அதற்குள் பயிற்சியாளர் மாறலாம், விதியும் மாறலாம்.

இன்டர்சேஞ்ச் (களத்து வீரரும் பெஞ்சு வீரரும் இடம் மாறுவது) உச்சவரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2014-ல் ஆட்டத்துக்கு 120, 2016-ல் 90, 2021-ல் 75. ஐந்து நிமிடம் பறந்துவிட்டு பெஞ்சுக்கு ஓடிவரும் மிட்ஃபீல்டரை நம்பி 2013-ல் பட்டியல் போட்ட கிளப், மூச்சுப் பிடித்து முழு ஆட்டமும் ஓடக்கூடியவர்களைத் தேடி அலைய வேண்டியதாயிற்று. 2019-ல் 6-6-6 விதி (முன், நடு, பின் பகுதிகளில் அணிக்கு ஆறாறு பேர்) வந்தது. நடுக்களத்தில் ஆட்டம் தொடங்கும்போது கூடுதல் ஆளைப் பின்னால் நிறுத்த முடியாது. அதனால் அங்கே பந்தை வெளியே எடுப்பவரின் மதிப்பு ஏறியது. 2021-ல் மார்க்கில் (எதிரணி வீரர் பந்தைப் பிடித்த இடத்தில்) நிற்பவர் பக்கவாட்டில் நகரக் கூடாது என்றார்கள். பின்வரிசையிலிருந்து குறுக்காக உதைக்கத் தெரிந்த ஹாஃப்-பேக் திடீரென்று தங்கமானார்.

எந்த விதியிலும் செல்லுபடியாகும் குணங்கள் சில உண்டு: எதிராளி மடக்கிப் பிடிக்க (டாக்கிள்) வரும்போதும் சரியான ஆளைத் தேடி உதைப்பது, இரண்டு காலாலும் உதைப்பது, பந்து கைவிட்டுப் போனதும் உடனே திரும்பி ஓடுவது. டிராஃப்ட் கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனை) 20 மீட்டர் ஓட்டமும் 2 கிலோமீட்டர் ஓட்டமும் அளப்பார்கள். பயனுள்ளவைதான். ஆனால் நான்காவது குவார்ட்டரில், களைத்த காலோடு பையன் என்ன முடிவெடுக்கிறான் என்பதை அவை காட்டாது. அதற்கு அண்டர்-18 ஆட்டங்களுக்கு நேரில் போய் உட்கார வேண்டும்.

பாணிக்கான கடைசித் துண்டுகளை டிரேடில் வாங்கலாம். ஹாதர்ன் 2008 கோப்பைக்குப் பிறகு ஜாஷ் கிப்சன், ஷான் பர்கோயின், ஜாக் கன்ஸ்டன், பிரையன் லேக் என்று வெளியிலிருந்து கொண்டுவந்தது. லேக் வந்தபோது 30 வயது. 2013 கிராண்ட் ஃபைனலில் சிறந்த ஆட்டக்காரருக்கான நார்ம் ஸ்மித் பதக்கம் அவருக்குத்தான். அந்த ஆண்டு முடிவில் லான்ஸ் ஃப்ராங்க்ளின் சிட்னிக்குப் போனார். இருந்தும் 2014, 2015 கோப்பைகள் ஹாதர்னுக்கே. உதைத்து உதைத்துப் பந்தைத் தக்கவைக்கும் அவர்கள் ஆட்டம் எந்த ஒரு தனி ஆளின் தோளிலும் நிற்கவில்லை.

ரிச்மண்ட் 2016-ல் 13-ஆம் இடம். அடுத்த ஆண்டு முன்வரிசையில் உயரமானவர் ஜாக் ரீவோல்ட் ஒருவர்தான். சுற்றிலும் ஓயாமல் துரத்தும் சின்ன ஃபார்வர்டுகள். அதுவே பாணியாகி, 37 வருடத்துக்குப் பிறகு கோப்பை வந்தது. 2018 முடிவில் டாம் லின்ச் சேர்ந்ததும் இரண்டு உயரக்காரர்களை வைத்து 2019-லும் வென்றார்கள். இருக்கும் ஆளைப் பார்த்துப் பாணியை நெளிக்கத் தெரிந்தவர் அன்றைய பயிற்சியாளர் டேமியன் ஹார்ட்விக்.

எங்கள் இளம் ரக்மேன் (மேலே எழும் பந்துக்குக் குதிக்கும் உயரமான வீரர்) இரண்டு வருடமாகத் தடுமாறுகிறார். விட்டுவிடலாமா?
— வாசகர், அடிலெய்டு

வேண்டாம். இரண்டு மீட்டருக்கு மேல் உயரமான உடம்பு பலம் பெற நாளாகும். சின்ன ஃபார்வர்டு ஒரு வருடத்தில் தயார், ரக்மேனுக்கு ஐந்தாறு வருடம்கூட ஆகும். மெல்பர்னின் மாக்ஸ் கான் 2009 டிராஃப்டில் 34-ஆவது பிக். முழங்கால் காயங்களைத் தாண்டி 2016-ல்தான் முதன்முறை ஆல்-ஆஸ்திரேலியன் அணியில் (அந்த ஆண்டின் சிறந்த வீரர்கள்) இடம் பெற்றார். 2021-ல் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார். அதுவரை சுமையைத் தாங்க 28 வயதைத் தாண்டிய ஒரு ரக்மேனை இரண்டு வருட ஒப்பந்தத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்த ஆண்டின் பிக்கை இப்போதே டிரேடில் கொடுக்கலாமா?
— வாசகர், பிரிஸ்பேன்

2015 முதல் விதி அனுமதிக்கிறது. ஆனால் அடுத்த ஆண்டு எந்த இடத்தில் முடிப்பீர்கள் என்பது தெரியாமலே விற்கிறீர்கள். காலிங்வுட் தன் 2021 முதல் சுற்று பிக்கை 2020-லேயே கொடுத்துவிட்டது. 2021-ல் முடித்த இடம் 17. அது இரண்டாவது பிக்காக ஜிடபிள்யுஎஸ் (சிட்னியின் இன்னொரு கிளப்) கைக்குப் போயிற்று. நிக் டெய்கோஸ் தந்தை-மகன் விதியில் கிடைத்ததால் தப்பித்தார்கள். டெய்கோஸுக்கு நாலாவது பிக்கில் கோல்டு கோஸ்ட் கிளப் ஏலம் கேட்டது; அப்படி வேறு கிளப் கேட்டால் அந்தப் பிக்குக்கான மதிப்புப் புள்ளியை ஈடுகட்டித்தான் வீரரைப் பெறலாம். அதன் மதிப்பு 2034 புள்ளி, அன்றைய 20 சதவீதத் தள்ளுபடி போக சுமார் 1627. பிந்தைய பிக்குகளைச் சேர்த்து அதை ஈடுகட்டினார்கள்.

கொடுக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். கிளப் பட்டியலில் 44 பேர் வரை வரும் வீரர்களை இடவாரியாக வரிசையாக எழுதி, பக்கத்தில் ஐந்து ஆண்டுக் கட்டம் போட்டு, வயதையும் ஒப்பந்தம் முடியும் ஆண்டையும் குறியுங்கள். உயரமான டிஃபெண்டர்கள் மூவருக்கும் ஒரே ஆண்டில் 31 வயது ஆகிறதா? எட்டு வருடம் முடித்து ஃப்ரீ ஏஜென்ட் (ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கிளப்புக்குப் போகக்கூடியவர்) ஆகப் போகிறவர் யார்? அந்த ஓட்டையை டிராஃப்டில்தான் அடைக்க முடியும் என்றால் பிக்கைக் கொடுக்காதீர்கள்.