வெங்காயத் தாலாட்டு – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஸ்பானியக் கவிஞர் மிகெல் எர்னாண்டஸின் வெங்காயத் தாலாட்டை மொழிபெயர்ப்பில் படித்தேன். சிறையில் தகப்பன், பட்டினியில் தாய், மடியில் பால்குடிக் குழந்தை. இந்தப் பின்கதை கண்கலங்க வைத்தது. ஆனால் கவிதை மட்டும் என்று பார்த்தால் நிலா, சிரிப்பு, வானம்பாடி என்று மிக எளிமையாகப் போகிறது. ஆடு மேய்த்தவர், அதிகம் படிக்காதவர் என்ற பரிவில்தான் கொண்டாடுகிறோமோ? கதையை எடுத்துவிட்டால் கவிதை நிற்குமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

நிற்கும்.

முதலில் அந்த ஆட்டிடையர் விஷயம். எர்னாண்டஸ் 1910இல் ஸ்பெயினின் ஒரிவேலா ஊரில் பிறந்தார். ஆடு வளர்த்து விற்றவர் மகன். பதின்வயதிலேயே பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டு மந்தையோடு அனுப்பப்பட்டார். அதெல்லாம் உண்மை. ஆனால் 1933இல் வந்த அவருடைய முதல் தொகுப்பைப் பார்த்தால் திகைத்துவிடுவீர்கள். பழங்கவி கோங்கோராவின் வழியில் எழுதிய எட்டடிப் பாடல்கள், ஒவ்வொன்றும் ஒரு விடுகதை. 1936இல் வந்த தொகுப்பில் இறுக்கமான சோனெட்டுகள், அதாவது பதினான்கு வரிப் பாடல்கள். கடினமாக எழுதுவதில் தேறியவர் அவர். எளிமை அவர் கடைசியாக வந்து சேர்ந்த இடம்.

ஸ்பெயினின் உள்நாட்டுப் போரில், பிராங்கோவின் படைக்கு எதிராகக் குடியரசின் பக்கம் நின்றார். தோற்றபின் போர்ச்சுகலுக்குத் தப்பியபோது அங்குள்ள போலீஸ் பிடித்துத் திருப்பி அனுப்பியது. 1939 செப்டம்பரில் மாட்ரிட் சிறையில் இருந்தார். ரொட்டியும் வெங்காயமும்தான் சாப்பாடு என்று மனைவி ஹோசெஃபினாவிடமிருந்து கடிதம் வந்தது. அதற்கான பதிலோடுதான் இந்தத் தாலாட்டு போனது. கதையை எடுத்துவிடச் சொல்கிறீர்கள், இருந்தாலும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் மகன் அதற்கு முந்தைய அக்டோபரில் பத்து மாதக் குழந்தையாக இறந்திருந்தான். தாலாட்டில் வரும் இரண்டாவது மகனுக்கு அப்போது எட்டு மாதம்.

சரி, கவிதைக்கு வருவோம். அது செகிதியா என்ற நாட்டுப்பாட்டு வடிவம். ஆடிப்பாடுவதற்கு உரியது. ஏழசை வரியும் ஐந்தசை வரியும் மாறிமாறி வரும், ஏழு வரிக்கு ஒரு கண்ணி. அதாவது ஹோசெஃபினா தொட்டிலருகே உட்கார்ந்து உண்மையாகவே பாடக்கூடிய பாட்டு. மொழிபெயர்ப்பில் முதலில் தொலைவது இதுதான். ஸ்பானியப் பாடகர் ஜுவான் மனுவேல் செராட் 1972இல் பாடியதைக் கேட்டுப்பாருங்கள், மொழி புரியாவிட்டாலும் பரவாயில்லை.

பசி தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. வெங்காயம் என்பது மூடிக்கிடக்கும் ஏழைப் பனி. உன் பகல்களின் பனி, என் இரவுகளின் பனி. வெங்காயத்தை உறைபனியாகப் பார்த்த கண் எனக்கு இன்றும் ஆச்சரியம். வெளுப்பு, உருண்டை, குளிர்ச்சி, அதோடு கண்ணில் நீர். பிறகு அழுகை நின்றுவிடுகிறது. சிரி, சிரி என்று கெஞ்சத் தொடங்குகிறார். உன் சிரிப்பு எனக்குச் சிறகு தருகிறது, சிறையைப் பிடுங்கி எறிகிறது என்கிறார்.

அப்புறம் அந்தப் பற்கள். எட்டாம் மாதத்தில் ஐந்து ஆரஞ்சுப் பூக்களோடு சிரிக்கிறாயாம். முல்லைப்பல் பழகிய நமக்கு அது புதிதில்லை, அடுத்த வரிதான் புதிது: ஐந்து குட்டி மூர்க்கங்கள். அதன்பிறகுதான் மல்லிகை வருகிறது. அந்தப் பற்கள் ஒருநாள் ஆயுதம்போலத் தோன்றும், அவற்றின் வழியே நெருப்பு இறங்கும் என்றும் பாடுகிறார். தாலாட்டில் இதைச் சொல்லும் துணிவு எளிமையானவருக்கு வருமா?

அவருக்கு 1940இல் மரண தண்டனை விதித்து, பிறகு முப்பதாண்டுச் சிறையாகக் குறைத்தார்கள். 1942 மார்ச் 28 அன்று அலிகாந்தே சிறையில் காசநோயால் இறந்தார். வயது 31.

கடைசிக் கண்ணியை மட்டும் மறுபடி படியுங்கள். முலை வெங்காயத்தால் துயருற்றிருக்கிறது, நீயோ வயிறு நிறைந்திருக்கிறாய். சரிந்துவிடாதே. என்ன நடக்கிறது என்பது உனக்குத் தெரியவே வேண்டாம்.

அன்புடன்.