தாராவி சந்தில் எடுத்த குறும்படத்தில் அடி போலியாகத் தெரிகிறது, ஏன்?

கேமராவைப் பக்கவாட்டில் வைத்திருப்பீர்கள். முஷ்டிக்கும் முகத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி அதில் அப்பட்டமாகத் தெரியும். அடிவாங்குபவரின் தோளுக்குப் பின்னால் வையுங்கள். தூரத்தை நெருக்கிக் காட்டும் 85 எம்எம் லென்ஸ் என்றால் ஒரு சாண் இடைவெளிகூட மறைந்துவிடும். சந்து குறுகல் என்பதால் லென்ஸுக்குப் பின்வாங்க இடம் வேண்டும், அது ஒன்றுதான் தலைவலி.

முஷ்டி தாடையைக் கடக்கும் அதே கணத்தில் தலை அதே திசையில் திரும்ப வேண்டும். முந்தினால் நடிப்பு, பிந்தினால் காமெடி. நொடிக்கு 22 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டினால் கை சற்றே விரையும். 18-க்கு இறங்கினால் பழைய ஊமைப்படம்போல் வேகமாகத் துள்ளும்.

நாயகன் முரடனாகத் தெரிய முதலில் அவன் அடிவாங்கட்டும். ‘பாட்ஷா’வில் (1995) மாணிக்கம் கம்பத்தில் கட்டுண்டு வாங்கியதால்தான் பிறகு அவன் கொடுப்பது அவ்வளவு கனக்கிறது.