கேமரா கேள்வி பதில்: லென்ஸில் பூஞ்சை, பென்டிரைவில் கல்யாணம்

இந்த முறை வந்த கடிதங்களில், எந்த கேமரா வாங்கலாம் என்பதைவிட, வாங்கிய கேமராவையும் எடுத்த படத்தையும் எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்விதான் அதிகம். சரியான கவலை. கேமரா போனால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம், படம் போனால் போனதுதான்.

கே: கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு. தோல் உறையோடு பீரோவில் வைத்திருந்த 50 எம்எம் லென்ஸுக்குள் வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது. வெளியே துடைத்தால் போகவில்லை. நானே கழற்றிச் சுத்தம் செய்யலாமா? (வாசகர், தூத்துக்குடி)

ப: கழற்றவே கழற்றாதீர்கள். அது பூஞ்சை. கண்ணாடியின் உள்பக்கத்தில் வளர்கிறது, துணிக்கு எட்டாது. ஆரம்பத்திலேயே பழுது பார்ப்பவரிடம் கொடுத்தால் பெரும்பாலும் சுத்தமாகிவிடும். நாளானால் அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும், அதன்பிறகு பூஞ்சையை எடுத்தாலும் தடம் போகாது. கொடுப்பதற்கு முன் கூலி எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். 50 எம்எம் 1.8 போன்ற லென்ஸுக்குச் சில நேரம் கூலியும் பழைய லென்ஸ் ஒன்றின் விலையும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ஓரத்தில் ஓரிரு நூல் மட்டும் என்றால் படத்தில் வித்தியாசமே தெரியாது, வெளிச்சத்துக்கு எதிராக எடுக்கும்போதுதான் படம் வெளிறும்.

இனி வராமல் பார்ப்பதுதான் முக்கியம். இருட்டு, ஈரக்காற்று, காற்றோட்டம் இல்லாத இடம், இந்த மூன்றும் பூஞ்சைக்குப் போதும், உங்கள் பீரோவில் மூன்றும் இருந்திருக்கிறது, போதாததற்குத் தோல் உறை ஈரத்தை வேறு பிடித்து வைத்துக்கொள்ளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்குங்கள். மீட்டரில் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. 30க்குக் கீழே போக விடாதீர்கள், ரப்பரும் மசகும் காய்ந்துவிடும். சிலிகா ஜெல்லில் ஆரஞ்சு நிறத்தைக் கேட்டு வாங்குங்கள். நீல நிறத்தில் கோபால்ட் குளோரைடு என்ற நஞ்சு இருக்கிறது. ஆரஞ்சு பச்சையாக மாறினால் ஈரத்தைக் குடித்து முடித்துவிட்டது என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் சிறு தீயில் சூடாக்கினால் பழைய நிறம் திரும்பும், மறுபடி பயன்படுத்தலாம். அரிசி டப்பாவில் வைக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம், மாவுத்தூசிதான் உள்ளே போகும். அப்புறம், வாரம் ஒருமுறையாவது லென்ஸை வெளியே எடுத்து நாலு படம் எடுங்கள். இதைவிட நல்ல மருந்து கிடையாது.

கே: இரவில் சாமி புறப்பாடு எடுத்தால் சாமி கலங்கலாக வருகிறது. ஃபிளாஷ் போட்டால் நகையெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பளிச்சிடுகிறது. கேமராவோடு வந்த 18-55 லென்ஸ்தான் இருக்கிறது. (வாசகர், கும்பகோணம்)

ப: முதலில் ஃபிளாஷை மூடுங்கள். தீவட்டியும் விளக்கும் தரும் அந்தப் பொன்னிறத்துக்காகத்தானே எடுக்கிறோம், அதை ஏன் கொல்ல வேண்டும்?

உங்கள் லென்ஸ் 18இல் இருக்கும்போது எஃப் 3.5 வரை திறக்கும் (இந்த எண் குறையக் குறையத் திறப்பு பெரிது). 55க்கு ஜூம் செய்தால் 5.6தான், உள்ளே வரும் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அதனால் ஜூமைத் தொடாமல் காலால் நடந்து கிட்டே போங்கள். ஷட்டர் வேகத்தை நாமே முடிவு செய்ய, டயலை எஸ்ஸில் (S) வையுங்கள், கேனன் என்றால் டிவி (Tv). ஷட்டர் ஸ்பீடு 1/125 நொடி. சாமியைத் தூக்கி வருபவர்களின் நடைக்கு வாகனம் ஆடிக்கொண்டேதான் வரும், அதற்குக் கீழே போனால் கலங்கும். மண்டகப்படியில் இறக்கி வைத்ததும் 1/60க்கு இறங்கலாம். ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தை உணரும் திறனை, ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 6400 ஆக்குங்கள். புள்ளி புள்ளியாக வருமே என்று பயந்து 800இல் நிறுத்திவிடுகிறார்கள் பலர். புள்ளியைப் பின்னால் குறைத்துக்கொள்ளலாம், கலங்கிய முகத்தைத் திருத்த முடியாது.

இன்னொன்று. சுற்றிலும் இருட்டு என்பதால் கேமரா ஏமாந்துபோய்ப் படத்தை அதிகமாக வெளிச்சமாக்கும், கவசமும் தீபமும் வெளுத்துப்போகும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை மைனஸ் 1இல் வையுங்கள், இந்த ஒன்றைச் செய்தாலே பாதிப் படம் தேறிவிடும். ஜேபெக்கோடு ரா ஃபைலும் (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவு) சேர்த்து எடுத்தால் நிறத்தை வீட்டில் நிதானமாகச் சரி செய்யலாம். ஒற்றைப் புள்ளி ஃபோகஸை சாமியின் முகத்தில் வைக்கப் பழகுங்கள்.

பிறகு காசு சேர்ந்தால் புது கேமரா வேண்டாம், 35 எம்எம் 1.8 லென்ஸ் ஒன்று வாங்குங்கள். எஃப் 5.6 தரும் வெளிச்சத்தைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு தரும். 50 எம்எம் விலை குறைவுதான், ஆனால் உங்கள் கேமராவில் அது 75 அல்லது 80 எம்எம் போலத் தெரியும், தேரோடும் வீதியில் சரி, சன்னதித் தெருவில் பின்னால் நகர இடம் கிடைக்காது.

கே: கல்யாணப் படம், வீடியோ எல்லாவற்றையும் ஸ்டூடியோக்காரர் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார். கூகுளில் இடம் நிறைந்துவிட்டது. ஒரு ஹார்டு டிஸ்க் வாங்கி அதில் போட்டுவிட்டால் போதும்தானே? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: போதாது அம்மா. ஒரே இடத்தில் இருக்கும் படம், இன்னும் தொலையாத படம், அவ்வளவுதான். பென்டிரைவ் கொண்டுபோய்க் கொடுப்பதற்கான பொருள், வருடக்கணக்கில் சும்மா வைத்திருந்தால் அதிலுள்ள மின்னூட்டம் கசிந்து ஃபைல் கெட்டுப்போகலாம். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி டிஸ்குக்கும் அதே குணம்தான். ஹார்டு டிஸ்க் கீழே விழுந்தால் போச்சு.

படக்காரர்கள் 3-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. உங்களுக்கு இப்படிச் செய்யலாம்: சாதாரண ஹார்டு டிஸ்க் இரண்டு வாங்கி இரண்டிலும் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று அம்மா வீட்டிலோ அக்கா வீட்டிலோ. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2015 டிசம்பரில் சென்னையிலும் 2023 டிசம்பரில் தூத்துக்குடியிலும் வீட்டுக்குள் தண்ணீர் வந்ததைப் பார்த்தோம், இரண்டு டிஸ்கும் ஒரே பீரோவில் இருந்தால் இரண்டும் சேர்ந்தே நனையும். மூன்றாவது பிரதியாக, முக்கியமான சில நூறு படங்களை மட்டும் கூகுளிலோ வேறு கிளவுடிலோ வையுங்கள். கூகுள் போட்டோஸில் கணக்கில்லாமல் இலவசமாக ஏற்றும் வசதி 2021 ஜூன் 1 முதல் கிடையாது. இப்போது தரும் 15 ஜிபியையும் ஜிமெயிலும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்ளும். பழைய மெயில்களைக் கழித்தாலே கொஞ்சம் இடம் கிடைக்கும்.

இன்னும் ஒரு விஷயம், பலரும் இதில்தான் படத்தை இழக்கிறார்கள். போனில் இருக்கும் படம் கிளவுடுக்குத் தானாகப் போவது வேறு, பிரதி எடுத்து வைப்பது வேறு. இடம் இல்லை என்று கூகுள் போட்டோஸில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அது குப்பைத் தொட்டிக்குப் போய்விடும், சில வாரத்தில் முழுசாகக் காணாமல் போகும். வாட்ஸ்அப்பில் அனுப்பி வைத்த படத்தையும் பிரதியாக எண்ணாதீர்கள், அது சுருக்கப்பட்டது. அனுப்பியே ஆக வேண்டும் என்றால் டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

ஃபோல்டர் பெயரில் வருடத்தையும் மாதத்தையும் முதலில் எழுதுங்கள், 2024-05 கல்யாணம், 2024-11 வளைகாப்பு என்று, தானாக வரிசையில் நிற்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு டிஸ்கையும் கம்ப்யூட்டரில் மாட்டி, பத்துப் படத்தையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். ஸ்டூடியோக்காரரிடம் மூலப் படங்கள் இன்னும் இருக்கிறதா என்றும் இப்போதே கேட்டுவிடுங்கள், அவர்களும் காலத்துக்கும் வைத்திருக்க மாட்டார்கள்.

கே: பேரனின் காதுகுத்துப் படங்கள் இருந்த கார்டைத் தவறுதலாக ஃபார்மேட் செய்துவிட்டேன். (வாசகர், சேலம்)

ப: அந்த கார்டில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். உடனே கழற்றி, ஓரத்தில் இருக்கும் சின்னப் பூட்டைக் கீழே தள்ளுங்கள். கேமராவில் சாதாரணமாக ஃபார்மேட் செய்தால் பெரும்பாலும் பட்டியல்தான் அழியும், படம் அங்கேயே இருக்கும், மேலே புதிதாக எழுதினால்தான் போகும். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, மீட்டதைக் கம்ப்யூட்டரிலேயே சேமியுங்கள், கார்டில் அல்ல. பழைய ஃபைல் பெயர் வராது, வீடியோ சில உடைந்து வரலாம், படங்கள் நிறையவே கிடைக்கும். நம்பிக்கையோடு செய்யுங்கள் ஐயா.

கே: மகளின் அரங்கேற்றத்தைச் சத்தம் வராத மோடில் எடுத்தேன். படம் முழுக்கக் குறுக்கே கறுப்புப் பட்டை பட்டையாக இருக்கிறது. கேமரா பழுதா? (வாசகி, மதுரை)

ப: பழுதில்லை, விளக்குதான் காரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன. சத்தமில்லாத மோடில் கேமரா படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது, அதற்குள் விளக்கு மங்கிப் பிரகாசித்துவிடுகிறது. சாதாரண ஷட்டருக்கு மாறி 1/100இல் எடுத்துப் பாருங்கள். ஆடும் கை கலங்கலாக வந்தால், அடவு முடிந்து குழந்தை நிற்கும் நொடிக்குக் காத்திருந்து அழுத்துங்கள். மெனுவில் ஆன்டி ஃபிளிக்கர் (மினுக்கல் தடுப்பு) இருந்தால் போட்டுவிடுங்கள். மேடையின் எல்இடி சில வேறு வேகத்தில் மினுக்கும், எனவே ஒத்திகையிலேயே போய் சோதித்துவிடுவது நல்லது.

கே: ஆன்லைனில் 512 ஜிபி கார்டு கால்வாசி விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

ப: வேண்டாம். 32 ஜிபியை 512 என்று காட்டும்படி மாற்றி விற்பது நடக்கிறது, நிறையும் வரை தெரியாது, நிறைந்ததும் படம் பாழ். தெரிந்த கடையில் 64 ஜிபியில் இரண்டு வாங்குங்கள், வீடியோவும் எடுப்பீர்கள் என்றால் மேலே வி30 என்று அச்சிட்டிருக்க வேண்டும், நொடிக்குக் குறைந்தது 30 எம்பி எழுதும் என்று அர்த்தம். எந்தக் கடையில் வாங்கினாலும் முதல் வேலையாக எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் கார்டை முழுக்க நிரப்பிச் சோதியுங்கள். தவறு காட்டினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் பில்லோடு கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.