கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் எழுதிக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடுமா?

அமெரிக்காவில் பண்ணை நிலத்துக்கு கன்சர்வேஷன் ஈஸ்மென்ட் (நிலத்தின் இயற்கையைக் காக்க அதன் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்ட ஒப்பந்தம்) போட்டால் உரிமை போய்விடுமா, அதில் என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நிலம் போகாது. பத்திரம் உங்கள் பெயரிலேயே இருக்கும். பயிர் செய்யலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். மனை பிரிப்பது, புதிதாகக் கட்டடம் எழுப்புவது போன்ற சில உரிமைகளை மட்டும் ஒரு நில அறக்கட்டளைக்கோ அரசு அமைப்புக்கோ எழுதிக் கொடுக்கிறீர்கள். அவர்களும் அங்கே கட்ட முடியாது. யாரும் மீறாமல் கண்காணிப்பார்கள், மீறினால் வழக்குப் போடுவார்கள். ஆவணம் பதிவாகிவிடுவதால் நாளைக்கு நிலத்தை வாங்குபவரையும் அது கட்டுப்படுத்தும். என்னைக் கேட்டால் இதன் உண்மையான பலமே இதுதான். உரிமையாளரின் நல்ல மனசை மட்டும் நம்பி ஒரு காட்டையோ ஈரநிலத்தையோ விட்டுவைக்க முடியாது.

அப்புறம் வரி. இந்த உரிமைகளைத் தானமாகக் கொடுத்தால், நிலத்தின் மதிப்பு எவ்வளவு குறைகிறதோ அந்தத் தொகையை மத்திய வருமான வரிக் கணக்கில் கழிக்கலாம். ஓர் ஆண்டில் வருமானத்தின் 50% வரை, தகுதியுள்ள விவசாயிகளுக்கு 100% வரை; மீதியை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுபோகலாம். 2015இல் இந்தச் சலுகை நிரந்தரமாக்கப்பட்டது. மதிப்பு குறைவதால் வாரிசுகளுக்கு எஸ்டேட் வரியும் (இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்தின் மீதான வரி) குறையலாம்.

ஒன்றை மறக்காதீர்கள்: இந்தக் கழிவு வேண்டுமென்றால் கட்டுப்பாடு நிரந்தரமாக இருக்க வேண்டும். பேரப்பிள்ளை வீடு கட்ட ஓர் இடம் வேண்டுமென்றால் அதை முதலிலேயே ஆவணத்தில் எழுதி வாங்குங்கள். நிலத்தின் மேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் தேவை.