ஸ்கேன் அறிக்கையில் இரண்டு இடங்களில் நீர்க்கட்டி: மகளிர் மருத்துவர் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு குழந்தைகள், இரண்டும் சுகப்பிரசவம். வலது அடிவயிற்றில் சில வாரங்களாக மந்தமான வலி இருந்ததால் ஸ்கேன் எடுத்தோம். வலது சினைப்பையில் 42 மி.மீ. அளவில் 'சிம்பிள் சிஸ்ட்', கருப்பைவாயில் சில 'நாபோத்தியன் சிஸ்ட்'கள் (பெரியது 8 மி.மீ.), கருப்பைக்குப் பின்புறம் சிறிதளவு நீர் என்று அறிக்கையில் உள்ளது. சினைப்பைக் கட்டி கருப்பைவாய்க்குப் பரவிவிட்டதா? கருப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்று உறவினர்கள் சொல்கிறார்கள்.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: பரவவில்லை. ஒரே அறிக்கையில் அடுத்தடுத்த வரிகளில் வந்திருக்கின்றனவே தவிர, இந்த இரண்டுக்கும் ஒன்றோடொன்று எந்தத் தொடர்பும் இல்லை.

கருப்பைவாயில் இருப்பதை முதலில் பார்த்துவிடுவோம். கருப்பைவாயின் உட்பகுதியில் சளி போன்ற திரவத்தைச் சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு. பிரசவத்துக்குப் பிறகோ, அழற்சி வந்து ஆறிய பிறகோ, புதிதாக வளரும் மேல்தோல் சில சுரப்பிகளின் வாயை மூடிவிடும். வெளியேற வழியில்லாத திரவம் உள்ளேயே தேங்கி முத்துப்போலத் திரளும். 1707-இல் இவற்றை விவரித்த ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் மார்ட்டின் நாபோத்தின் பெயரால் இவை வழங்கப்படுகின்றன. பிள்ளை பெற்ற பெண்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுபவை, 8 மி.மீ. கட்டிக்கு மருந்தும் தேவையில்லை, மறு ஸ்கேனும் தேவையில்லை.

ஆனால், 'கருப்பைவாயில் வேறொன்றும் இல்லை' என்று ஸ்கேன் சொல்லிவிட்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்கள் உயிரணு அளவில் நிகழ்பவை. அல்ட்ராசவுண்டில் அவை தெரியா. அதற்கு, கருப்பைவாயின் உயிரணுக்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் அல்லது இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் ஹெச்.பி.வி. பரிசோதனைதான் வழி. பொதுவாக 30 வயதில் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஹெச்.பி.வி. பரிசோதனை செய்துகொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நீங்கள் இதுவரை செய்துகொள்ளவில்லை என்றால், உங்கள் கடிதத்தைப் படித்ததும் நான் கவலைப்படுவது அதைப் பற்றித்தான்.

இனி சினைப்பை. மாதந்தோறும் அங்கே ஒரு நுண்பை ஏறத்தாழ 20 மி.மீ. வரை வளர்ந்து, வெடித்து, முட்டையை வெளியிடுகிறது. சில மாதங்களில் அது வெடிக்காமல் நீர் கோத்துத் தொடர்ந்து வளர்ந்துவிடும். வெடித்த இடத்திலேயே நீரோ இரத்தமோ தேங்குவதும் உண்டு. ஆகவே அறிக்கையின் மேல்பகுதியில் 'எல்.எம்.பி.' என்ற இடத்தில் கடைசி மாதவிடாய்த் தேதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பலரும் தாண்டிச் செல்லும் வரி அது. சுழற்சியின் எந்த நாளில் ஸ்கேன் எடுக்கப்பட்டது என்று தெரியாமல் சினைப்பையில் காணும் நீர்க்கட்டிக்குச் சரியான பொருள் சொல்வது கடினம்.

மி.மீ. கணக்கைவிட, கட்டியை வர்ணிக்கும் சொற்களே முக்கியம். 'அனெகோயிக்' என்றால் உள்ளே தெளிந்த நீர் மட்டுமே இருப்பதால் திரையில் முழுக் கருப்பாகத் தெரிகிறது என்று பொருள். அதனுடன் மெல்லிய சுவர், தடுப்புகள் இல்லை, திடப்பகுதி இல்லை என்றும் இருந்தால்தான் 'சிம்பிள்' என்று எழுதுவார்கள். உங்கள் வயதில் அப்படிப்பட்ட கட்டி புற்றுநோயாக இருப்பது மிக மிக அரிது. வலை பின்னியதுபோன்ற கோடுகள் தெரிந்தால் பெரும்பாலும் உள்ளே இரத்தம் கசிந்திருக்கும். மங்கலான கண்ணாடிபோல ஒரே சீராகத் தெரிந்தால், கருப்பையின் உட்சுவர் போன்ற திசு வேறிடத்தில் வளரும் எண்டோமெட்ரியோசிஸை நினைப்போம். கொழுப்பும் முடியும் கொண்ட டெர்மாய்டு கட்டி பளிச்சென வெண்மையாக, பின்னே நிழலுடன் தெரியும். உள்சுவரிலிருந்து முளைபோல நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, டாப்ளரில் (இரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன் முறை) இரத்த ஓட்டம் தெரியும் திடப்பகுதி, தடித்த தடுப்புச் சுவர்கள், வயிற்றில் அதிக நீர் ஆகியவை குறிப்பிடப்பட்டிருந்தால், கட்டி சிறியதாக இருந்தாலும் தாமதிக்காமல் மகளிர் மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்கள் அறிக்கையிலுள்ள சிறிதளவு நீர், முட்டை வெளியாகும் நாள்களையொட்டி ஆரோக்கியமான பெண்களுக்கும் காணப்படுவதே.

பிரிட்டனின் மகப்பேறு மற்றும் மகளிர் மருத்துவர்களின் ராயல் கல்லூரி தந்துள்ள வழிகாட்டுதலின்படி, மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு 50 மி.மீ.க்கு உட்பட்ட சாதாரண ('சிம்பிள்') நீர்க்கட்டியைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டியதில்லை. 50 முதல் 70 மி.மீ. வரை ஆண்டுக்கொரு ஸ்கேன் போதும். அதற்கும் மேல் என்றால்தான் எம்.ஆர்.ஐ. அல்லது அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு. எனினும் உங்களுக்கு வலி இருப்பதால், இரண்டு அல்லது மூன்று சுழற்சிகள் கழித்து, மாதவிடாய் முடிந்த கையோடு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். அதற்குள் பெரும்பாலும் கட்டி சுருங்கியிருக்கும். கட்டி கரைய வேண்டும் என்பதற்காகக் கருத்தடை மாத்திரை தருவதால் அது விரைவாகக் கரைவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. சினைப்பைப் புற்றுநோய்ச் சந்தேகத்தில் செய்யப்படும் சி.ஏ.-125 இரத்தப் பரிசோதனையும் இப்போது வேண்டாம்; மாதவிடாய், எண்டோமெட்ரியோசிஸ், ஃபைப்ராய்டு (கருப்பைத் தசைக்கட்டி), வயிற்றுக் காசநோய் என எதிலும் அது இயல்பு வரம்பான 35-ஐத் தாண்டக்கூடும், வீணாகத் தூக்கம் கெடும்.

கருப்பையை எடுப்பதற்கு இந்த அறிக்கையில் எள்ளளவும் காரணம் இல்லை. கட்டி இருப்பது சினைப்பையில். கருப்பையை அகற்றினால் அது எப்படிச் சரியாகும் என்று உறவினர்களையே கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். திடீரென ஒரு பக்கம் தாங்க முடியாத வலி, அதனுடன் குமட்டலோ வாந்தியோ வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். அப்போது வலிமாத்திரை போட்டுப் பொறுத்துப் பார்க்காமல், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரத்த ஓட்டம் தடைபட்ட சினைப்பையை நேரத்தோடு விடுவித்தால்தான் காப்பாற்ற முடியும்.

கேள்வி: அம்மாவுக்கு வயது 58, மாதவிடாய் நின்று எட்டு ஆண்டுகள் ஆகின்றன. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் இடது சினைப்பையில் 3 செ.மீ. சாதாரண நீர்க்கட்டி தெரிந்தது. இவருக்கும் பொறுத்துப் பார்க்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: பார்க்கலாம், ஆனால் கண்காணிப்போடு. இந்த வயதில் முட்டை உருவாவதில்லை என்பதால், மேலே சொன்ன மாதாந்தர விளக்கம் இவருக்குப் பொருந்தாது, சி.ஏ.-125 பரிசோதனை இங்கேதான் பயன்படும். அது இயல்பாக இருந்து, கட்டி ஒரு பக்கம் மட்டும், 5 செ.மீ.க்குள், தெளிந்த நீருடன் இருந்தால் நான்கு முதல் ஆறு மாதங்களில் மறு ஸ்கேன் எடுத்தால் போதும். ஆனால் சில வாரங்களாக வயிறு உப்புசம், சிறிது சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுதல் ஆகியவை இருந்தாலோ, ஒரு துளியேனும் உதிரப்போக்கு தென்பட்டாலோ, அந்த மறு ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.