ஐந்நூறு ப்ராப்ளமும் ஒரு பைனரி சர்ச்சும்

வணக்கம் அக்கா,

பெங்களூரில் ஒரு சர்வீஸ் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ வரை தமிழ்வழி. போன மாதம் ஒரு பெரிய அமெரிக்கக் கம்பெனியின் இன்டர்வியூவில் கடைசிச் சுற்று வரை போய் ரிஜெக்ட் ஆகிவிட்டது. லீட்கோட் என்ற கோடிங் பயிற்சித் தளத்தில் 500 ப்ராப்ளம் முடித்திருந்தேன். ஒரு சுற்றில் நான் ஏற்கெனவே போட்டதே வந்தது, மளமளவென்று பத்து நிமிடத்தில் எழுதி முடித்தேன். அப்படியும் எடுக்கவில்லை. ஜாவா மொழியிலிருந்து பைத்தானுக்கு மாறவா? கோச்சிங் சேரவா? என் ஆங்கிலம்தான் காரணமா?

கதிர்

அன்புள்ள கதிர்,

ஜாவாவிலேயே இருங்கள். கோச்சிங்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். எனக்கு உறுத்தியது அந்தப் பத்து நிமிடம்தான், கொஞ்ச நாளாக இதையே யோசித்துக்கொண்டிருந்ததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஏற்கெனவே போட்ட ப்ராப்ளம் என்று எதிரில் இருந்தவரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். வாயைத் திறக்காமல் எழுதி முடித்துவிட்டு, பாராட்டுவார் என்று காத்திருந்திருப்பீர்கள். நானும் பல வருடம் கேள்வி கேட்கும் பக்கம் உட்கார்ந்தவள் கதிர், மனப்பாடம் செய்தது முதல் நாலு வரியிலேயே தெரிந்துவிடும். கூகுள் மாதிரி இடங்களில் கேள்வி கேட்டவர் தனியாக முடிவெடுப்பதும் இல்லை. அவர் எழுதிக் கொடுக்கும் குறிப்புகளை, உங்கள் முகத்தையே பார்க்காத ஒரு குழு படித்துத்தான் முடிவு சொல்லும். நீங்கள் பேசாமல் இருந்தால் அவர் குறிப்பில் என்னத்தை எழுதுவார்? "விடை சரி" என்று ஒரு வரி எழுதலாம், அதை வைத்துக்கொண்டு யாரும் உங்களுக்காக வாதாட முடியாது.

ஒரு பெண்ணை மறக்கவே முடியவில்லை. சின்ன ஊர்க் கல்லூரி, திக்கித் திக்கித்தான் ஆங்கிலம். பைனரி சர்ச் எழுதச் சொன்னேன், அதாவது வரிசையாக அடுக்கிய எண்களில் ஒன்றைத் தேட, நடுவில் பார்த்து, வேண்டாத பாதியைத் தள்ளிவிட்டு மீதிப் பாதியில் தேடிக்கொண்டே போகும் முறை. எழுதுவதற்கு முன்னாலேயே "எம்ப்டி அரே வந்தா?" (எண்ணே இல்லாத பட்டியல் வந்தால்?) என்று கேட்டாள். எழுதி முடித்ததும் இரண்டே இரண்டு எண் உள்ள அரே ஒன்றை ஓரமாகப் போட்டு, தேடும் எண் இரண்டாவது இடத்தில் இருப்பதாக வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே வந்தாள். தேடும் பகுதியின் தொடக்கம் லோ, முடிவு ஹை, நடு மிட், இடங்களை 0-விலிருந்து எண்ணுவோம். லோ 0, ஹை 1, மிட் 0. லோவை மறுபடி மிட்டிலேயே கொண்டுபோய் வைத்திருந்தாள், அதாவது மறுபடியும் 0. "மேம், இது சுத்திக்கிட்டே இருக்கும்" என்று அவளே சொல்லி, அந்த வரியை அடித்துவிட்டு மிட் பிளஸ் ஒன் என்று எழுதினாள். அடுத்த கேள்வியை முடிக்க நேரம் போதவில்லை. ஆனாலும் அன்றைக்கு வந்தவர்களில் அவளைப் பற்றித்தான் பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்தேன். வேலையும் கிடைத்தது.

பைனரி சர்ச்தானே என்று நினைக்காதீர்கள். அது முதலில் அச்சில் வந்தது 1946-இல், எல்லா அளவுக்கும் பிழையில்லாமல் ஓடுவது வெளிவர 1962 ஆனது. ஜான் பென்ட்லி என்ற கணினி அறிஞர், தொழில்முறை புரோகிராமர்களுக்கு இரண்டு மணி நேரம் போலக் கொடுத்து இதையே எழுதச் சொன்னார், கிட்டத்தட்ட நூற்றுக்குத் தொண்ணூறு பேர் எழுதியதில் பிழை. சரி, பென்ட்லியாவது தப்பித்தாரா? சரியானது என்று நிரூபித்து அவர் வெளியிட்டதிலேயே ஒரு ஓட்டை இருந்தது. 2006-இல் ஜோஷுவா பிளாக் அதை எடுத்துச் சொன்னார். நீங்கள் விட்டுவிடலாமா என்று கேட்கிற ஜாவாவின் லைப்ரரியில், அதாவது அதோடு சேர்ந்தே வரும் தயார் கோடில், அதே பிழை சுமார் ஒன்பது வருடம் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது, அதை எழுதியவரும் பிளாக்தான். மிட்டைக் கண்டுபிடிக்க லோவையும் ஹையையும் கூட்டி இரண்டால் வகுக்கிற வரி இருக்கிறதே, அங்கேதான் கோளாறு. அரே நூறு கோடி அளவுக்குப் பெரிதாக இருந்தால் கூட்டுத்தொகை, ஜாவாவின் சாதாரண முழு எண் (int) தாங்கும் உச்சமான 2,14,74,83,647-ஐத் தாண்டி மைனஸுக்குப் போய்விடும். ஹையிலிருந்து லோவைக் கழித்து, பாதியாக்கி, லோவோடு கூட்டினால் தீர்ந்தது. இந்த ஒரு வரியைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறவரை எந்த இன்டர்வியூவிலும் நிமிர்ந்து பார்ப்பார்கள். நீங்கள் அந்த 500-இல் எத்தனை முறை இந்த வரியை யோசிக்காமல் டைப் செய்திருப்பீர்கள்?

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நம் பள்ளிக்கூடத்தில் ஸ்டெப்புக்கும் மார்க் உண்டு, விடை தப்பானாலும் பாதி மார்க் வரும். அந்த நல்ல பழக்கத்தை இன்டர்வியூ அறைக்குள் நுழையும்போது மட்டும் ஏன் வெளியே விட்டுவிட்டுப் போகிறீர்கள்?

ரிஜெக்ட் ஆனதற்காகக் கூனிக் குறுக வேண்டியதில்லை. மேக் வைத்திருக்கும் புரோகிராமர்கள் பலரும் பயன்படுத்துகிற ஹோம்ப்ரூ என்ற மென்பொருளை எழுதிய மேக்ஸ் ஹவலையே கூகுள் எடுக்கவில்லை, 2015-இல் அவரே ட்விட்டரில் பொருமினார். தப்பான ஒருவரை எடுப்பதைவிட நல்லவர் நாலு பேரை விட்டாலும் பரவாயில்லை என்றுதான் இந்தக் கம்பெனிகள் முறையை அமைத்திருக்கின்றன. அதில் அடிபடுகிறவர்களுக்கு இது அநியாயம்தான், எனக்கும் அதில் உடன்பாடில்லை.

ஆங்கிலமா? அந்தப் பெண்ணிடம் இருந்த அளவு போதும். முதலில் தமிழிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள், ரூம்மேட்டை எதிரில் உட்காரவைத்து, அவர் "ஏன்?" என்று கேட்கும் இடத்திலெல்லாம் நின்று பதில் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரே ப்ராப்ளம் போதும். அதில் எந்த வரியில் தடுமாறினீர்கள் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள், கோடும் சேர்த்து அனுப்புங்கள், படித்துப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அக்கா